இருபத்தேழாம் அத்தியாயம்

அந்தப் பேருந்து நிலையத்தில் மைக்கம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். அவள் குரலைக் கேட்காதவர்கள் ஊரிலேயே கிடையாது. முதல் மாடியில், கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது தாமதம் என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ முன்பதிவுக் கவுன்டரில்தான். ஒரு நாள் அறிவிப்புச் சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஒரு மணி நேரம் மட்டும் பாத்துக்கம்மா" என்று சொல்லி அறிவிப்புச் சீட்டை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார் மேலாளர். அந்த ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வேலையில் ஒரு வித்தை உண்டு. வாய் ஒரு வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். அங்கே ஏதாவது தப்பு எழுதியிருந்தால், வாய் போய்ச் சேர்வதற்குள் மனசு அதைத் திருத்திவிட வேண்டும். கேட்கிறவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது. மைக்கம்மா இதில் கெட்டிக்காரி. மூன்று வண்டிகளின் எண் மாறிப்போன நாளில்கூட அவள் குரல் தடுக்கினதில்லை.

அவள் கணவர் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். இரும்பு சுழல்கிற சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். நாற்பத்து மூன்றாவது வயதில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. முதலில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு வருஷத்தில் குழாயும் அடைபட்டுப் போயிற்று. டாக்டரிடம் போனபோதே காலம் கடந்துவிட்டிருந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அழுதது, சண்டை போட்டது, தட்டை விசிறி எறிந்தது எல்லாம் முதல் ஆறு மாசத்தோடு சரி. அதற்குப் பிறகுதான் நாள் எவ்வளவு நீளம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. குழந்தைகள் இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த அவர் தங்கை, மைக்கம்மாவுக்கு நாத்தனார், தினமும் பகலில் ஒரு நடை வந்து அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் அவரும் ரேடியோவும்தான்.

மைக்கம்மா சின்ன வயசிலிருந்தே நாவல் பைத்தியம். அவருக்கோ புத்தக வாசனையே ஆகாது. ஒரு நாள் சாயங்காலம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

"என்ன, தனியா சிரிக்கற?"

"ஒண்ணுமில்லைங்க. கதையில ஒருத்தன் கப்பல் வந்துடுச்சுன்னு ஊரையே கூட்டிட்டுப் போறான். பாத்தா அது வெறும் மீன்பிடிப் படகு."

"முதல்லேர்ந்து சொல்லேன். எனக்கு மட்டும் சிரிப்பு வராதா?"

அப்படித்தான் பெரிய புத்தகம் ஆரம்பமாயிற்று. எழுநூறு பக்கம். மைக்கம்மா தன் அண்ணனிடம் இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்காமலே தனதாக்கிக்கொண்டது. அதற்கு ஒரு தலைப்பு உண்டுதான், ஆனால் வீட்டில் அது பெரிய புத்தகம். துறைமுகத்துப் பக்கத்தில் தங்கும் விடுதி நடத்துகிற அக்கா தங்கை இரண்டு பேரின் கதை. மூத்தவளுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை, சாய்ந்து சாய்ந்து நடப்பாள். கப்பல் மெக்கானிக் ஒருவன் விடுதிக்கு வந்து தங்குகிறான். மூத்தவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள். ஒரு நாள் கப்பலின் ஏணியிலிருந்து விழுந்து, அவன் முதுகெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையாகிறான்.

தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரைக்கும் வாசிப்பு. அவர் நாற்காலியில் சாய்ந்து, உள்ளங்கைகளை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்பார். நடுநடுவே, "அந்த ஏணி இரும்பா, மரமா?" என்று கேட்பார். புத்தகத்தில் இல்லை என்றால் மரம்தான் என்று அவரே முடிவு பண்ணிக்கொள்வார்.

இருபத்தேழாம் அத்தியாயத்துக்கு வந்த நாளில் ஒன்று நடந்தது. வாய் அத்தியாயத்தின் எண்ணைச் சொல்லும்போதே மைக்கம்மாவின் கண் வழக்கம்போல முன்னால் ஓடிப் பக்கத்தின் அடிவரைக்கும் போய்விட்டது. மூத்தவள் துவைத்த துணிகளை மொட்டை மாடியில் உலர்த்திக்கொண்டிருக்கிறாள். தங்கை பக்கத்தில் நிற்கிறாள். மூத்தவள் சொல்கிறாள்: "எனக்கு அலுத்துப் போச்சுடி. நேத்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, இவர் போயிட்டா தேவலைன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்."

மைக்கம்மா நிறுத்தவில்லை. குரல் தடுக்கவில்லை. விரல் மட்டும் ஆறு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியது. இருபத்தெட்டாம் அத்தியாயத்தை இருபத்தேழு என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அதில் தப்பு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. கண் போய் ஒரு வருஷம்கூட ஆகாத மனுஷன் காதில் இதைப் போட முடியுமா? ஆனால் ஒரு அத்தியாயத்தைத் தாண்டினால் கதை அதோடு விட்டுவிடாது. பின்னால் எங்கெங்கே அந்த மொட்டை மாடிப் பேச்சு வருகிறதோ, அங்கெல்லாம் வார்த்தையை மாற்ற வேண்டியிருந்தது. எண்ணிக்கையை ஒவ்வொன்று குறைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. நாற்பத்தொரு அத்தியாயப் புத்தகம் அந்த வீட்டில் நாற்பதில் முடிந்தது.

அவருக்கு அந்தக் கதை அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, "பெரிய புத்தகத்தை எடு" என்பார். பதினோரு வருஷத்தில் அவர்கள் வேறு எத்தனையோ நாவல்களை முடித்தார்கள், ஆனால் பெரிய புத்தகத்தை மட்டும் ஐந்து தடவை. ஐந்து தடவையும் அந்த ஆறு பக்கங்கள் ஒன்றாகவே புரண்டன.

"அந்த மூத்தவ மாதிரி பொண்ணு கதையிலதான் வருவா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் முகம் சுளிச்சாளா பாரு" என்று ஒருமுறை சொன்னார். மைக்கம்மா டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

பெரிய புத்தகத்தைப் படமாக எடுக்கிறார்கள் என்ற செய்தி முதலில் ரேடியோவில் வந்தது. "நாற்பத்தொரு அத்தியாயங்கள் கொண்ட புகழ்பெற்ற நாவல்" என்றது ரேடியோ.

"நாற்பது!" என்று அதட்டினார் அவர். "எண்ணக்கூடத் தெரியாத ஆளுங்க கையில கதை மாட்டிக்கிச்சு. உருப்பட்ட மாதிரிதான்."

நாத்தனார் ஆளே வேறு. புத்தகம் தூக்கம் வரவழைக்கும், படம் தூக்கத்தைக் கெடுக்கும், எனக்குக் கெடுக்கறதுதான் பிடிக்கும் என்பவள். படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அவளே மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கு எதுக்கு? நான் என்னத்தைப் பாக்க?" என்றார் அவர்.

"அண்ணி பக்கத்துல உக்காந்து சொல்லுவாங்க. ஊருக்கே சொல்றவங்க உனக்குச் சொல்ல மாட்டாங்களா?"

சட்டையை இரண்டு தடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

படம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். விடுதி மைக்கம்மாவின் மனசில் இருந்த விடுதியாக இல்லை. அரண்மனை மாதிரி மாடிப்படி. மூத்தவள் மான் மாதிரி துள்ளி இறங்கி வந்தாள். கப்பல் வந்துவிட்டது என்று ஊரைக் கூட்டுகிற ஆளையே காணோம். 'இதையெல்லாம் இவர்கிட்ட எப்படிச் சொல்றது' என்று ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு அவர் காதோரம் குனிந்து பெரிய புத்தகத்தையே சொல்ல ஆரம்பித்தாள்.

"சின்ன வீடுங்க. சுவர்ல உப்பு பூத்திருக்கு. மூத்தவ மெதுவா படியைப் பிடிச்சுட்டு இறங்கறா. சாய்ஞ்சு சாய்ஞ்சு."

அவர் தலையைச் சாய்த்தார். "நடை சரியா கேக்குதே. ரெண்டு காலும் ஒரே மாதிரிதானே விழுது."

"அது... செருப்புச் சத்தம்."

பின் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, நீங்க நல்லாத்தான் சொல்றீங்க, கேக்க சுகமா இருக்கு. ஆனா அங்க ஒண்ணும் அப்படி நடக்கலையே! அவ குதிச்சுட்டு இல்ல வர்றா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "படத்துக்குக் கூட்டிட்டு வந்து புத்தகம் வாசிக்கறியா? இருக்கறதைச் சொல்லு. கெட்டுப் போயிருந்தா கெட்டுப் போயிருக்குன்னு சொல்லு. நான் தாங்கிப்பேன்."

அதற்கப்புறம் இருப்பதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு இன்னொரு கணக்கு ஓடியது. புத்தகத்தில் வந்த மீன் சந்தை வேலைநிறுத்தத்தை வெட்டிவிட்டார்கள். அக்கா தங்கைக்கு ஒரு மாமன் உண்டு, அவனைக் காணவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் போய்விட்டது. இவ்வளவையும் வெட்டினவர்கள் அந்த ஆறு பக்கத்தையா விட்டு வைப்பார்கள்? யார் அதையெல்லாம் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? படத்தை எடுத்தவர்களின் கத்திரிக்கோலை வாழ்நாளில் முதல்முறையாக அவள் நம்பினாள்.

இடைவேளை முடிந்து கால் மணி நேரம் இருக்கும். திரையில் மொட்டை மாடி வந்தது. கொடியில் ஈரத்துணிகள். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. காற்றில் துணி அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும்.

மைக்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் எதையும் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த நடிகை நீளமாக ஒரு மூச்சை இழுத்து, பாதியில் நிறுத்தி, பிறகு சொன்னாள். எனக்கு அலுத்துப் போச்சுடி. புத்தகத்தில் இருந்த அதே வார்த்தைகள், ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

அவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"சேர்த்திருக்காங்க" என்றாள் மைக்கம்மா. "படத்துக்காக."

வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் ஆறவில்லை. மூத்தவளுக்குக் கால் சரியாக இருந்தது, மாடிப்படி பெரிசாக இருந்தது, கடைசியில் அவள் துறைமுகத்தில் மழையில் ஓடிக் கத்தினது, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார். இதை மட்டும் முடியவில்லை. "எழுதினவங்க உயிரோட இல்ல. எழுந்து வந்து கேக்க மாட்டாங்கன்னு தைரியம். அந்தப் பொண்ணு வாயில இப்படி ஒரு பேச்சை வைக்க எப்படி மனசு வந்துச்சு?" எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார், முடி வெட்ட வந்தவரிடம் சொன்னார். நாத்தனார் மட்டும், "எனக்கு அந்த இடம்தான் பிடிச்சது. அங்கதான் அழுதேன்" என்றாள். அவளோடு நாலு நாள் பேச்சை நிறுத்திவிட்டார்.

செய்யாத குற்றத்துக்கு யாரோ முகம் தெரியாத ஆட்கள் திட்டு வாங்குகிறார்கள், வாங்கிவிட்டுப் போகட்டும் என்று மைக்கம்மா இருந்தாள். ஆனால் அலுவலக அறையில் சீட்டைப் பார்த்துப் படிக்கும்போது இரண்டு முறை நடைமேடை எண்ணை மாற்றிச் சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் இல்லாதது.

அடுத்த வாரம் ரேடியோக்காரர்கள் நேயர்களைக் கூப்பிட்டார்கள். நாவலுக்குப் படம் நியாயம் செய்ததா, போன் போட்டுச் சொல்லுங்கள் என்றார்கள்.

"நம்பரைப் போடு" என்றார் அவர். முன்னாலேயே சவரம் செய்து, சட்டை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார், ரேடியோவில் முகம் தெரியும் என்பது போல. "அஞ்சு தடவை கேட்டவன் நான். அப்படி ஒரு காட்சி புத்தகத்துலயே கிடையாதுன்னு ஊருக்கே சொல்றேன்."

நாலு எண்களை அழுத்தினாள். ஐந்தாவதுக்கு விரல் போகவில்லை. இவர் பேசி முடித்ததும் அடுத்துப் பேசுகிற யாரோ ஒருவர் பக்க எண்ணோடு எடுத்துச் சொல்லிச் சிரிப்பார். இவர் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதைக் கேட்பார். போனைக் கீழே வைத்தாள்.

"என்ன, கிடைக்கலையா?"

"அது புத்தகத்துல இருக்குங்க."

"எது?"

"அந்த மொட்டை மாடி. இருபத்தேழாவது அத்தியாயம். நான்தான் வாசிக்கலை. அஞ்சு தடவையும்."

அவர் முகம் அவள் குரல் வந்த பக்கமாகத் திரும்பியது. ரேடியோவில் யாரோ ஒரு அம்மா படத்தின் பாட்டுகளைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப நாற்பத்தொண்ணு" என்றார்.

"ஆமாங்க."

"கண்ணு போன பிறகு மத்தவங்க எல்லாம் எனக்காக எதையாவது மாத்திச் சொல்லுவாங்க. டாக்டர், தங்கச்சி, பட்டறை முதலாளி எல்லாரும். அது எனக்குத் தெரியும். உன் குரல் ஒண்ணுதான் எனக்குக் கண்ணாடி மாதிரின்னு இருந்தேன்." எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார்.

இரண்டு நாள் ஆறு மணி சும்மாவே கடந்தது. சாப்பிட்டார், கேட்டதற்கு உம் கொட்டினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "எடு அதை" என்றார்.

ஆறு பக்கம் வாசிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. வெள்ளம் வந்து வண்டியெல்லாம் நின்ற நாளில் நடுங்காத குரல் அந்த ஒரு வரியில் நடுங்கியது. அந்த வரிக்குப் பிறகு புத்தகத்தில் மூன்று பக்கம் மூத்தவளின் யோசனைகள். கல்யாணத்துக்கு முன்னால் தனக்கென்று இருந்த ஒரு சின்ன அறையை நினைத்துக்கொள்கிறாள். அப்புறம் கீழே போய் அவன் தலையணையைச் சரி பண்ணுகிறாள். அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

அவர் சொன்னார்: "படத்துல இருந்ததுதான் நல்லா இருந்துச்சு."

மைக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. குற்றவாளியாக உட்கார்ந்திருந்தவள் அதை மறந்து வக்கீலாகிவிட்டாள். "என்னங்க இப்படிச் சொல்றீங்க! அந்த மூணு பக்கத்துலதானே அவ யாருன்னே தெரியுது. படத்துல அந்த அறையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. அலுத்துப் போச்சுன்னு சொன்னா, உடனே அடுத்த காட்சி."

"அந்த அறை எனக்கும் பிடிச்சுது. இல்லேங்கலை. ஆனா அவ சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுத்தா பாரு. இழுத்துட்டு நிறுத்தினா. பாரத்தைத் தூக்கறதுக்கு முன்னாடி ஆள் அப்படித்தான் இழுப்பான். அது புத்தகத்துல எங்க இருக்கு?"

அவள் பக்கத்தைப் பார்த்தாள். இல்லை.

"அதுக்கப்புறம்தான் எனக்குக் கோபமே வந்துச்சு" என்றார். "பொய்யா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். உண்மையா கேட்டுச்சு. அதான் தாங்கலை." அவள் பக்கம் திரும்பி, "எனக்காகவா தாண்டினே?" என்றார்.

"முதல் தடவை உங்களுக்காக. அப்புறம் எனக்காகத்தான். நானே என் வாயால அதைச் சொல்லிட்டா, புத்தகத்துல இருக்கறதைச் சொல்றேனா, என்னோடதைச் சொல்றேனான்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுமோன்னு."

"உனக்கும் அலுத்துச்சா?"

"சில நாள்."

"நான் போயிட்டா தேவலைன்னு?"

"அதெல்லாம் இல்ல." யோசித்துவிட்டுச் சொன்னாள். "தினமும் நூறு ஊர் பேரைச் சொல்றேங்க. அந்த வண்டி கிளம்புது, இந்த வண்டி கிளம்புதுன்னு. ஒரு ஊருக்கும் போனதில்ல. சில நாள் மைக்கை அணைச்சுட்டு, கீழ இறங்கி, எதுலயாவது ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிடலாமான்னு இருக்கும். உங்ககிட்டேர்ந்து போகணும்னு இல்ல. ஒரு நாள் யாருக்கும் எதுவும் சொல்லாம இருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. கெட்டுப்போன மெஷினைப் பற்றிக் கேட்டுக்கொண்டவர் மாதிரி, "சரி, மாசத்துக்கு ஒரு ஞாயிறு போ. தங்கச்சி இருக்கா. அவளும் நானும் சண்டை போட்டுட்டு இருப்போம்" என்றார்.

முதல் ஞாயிறு போகவில்லை. இரண்டாவதும் ஏதோ சாக்குச் சொன்னாள். மூன்றாவது மாசம் நாத்தனாரே பையை எடுத்து அவள் தோளில் மாட்டி வெளியே தள்ளினாள். இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊர். பத்தாயிரம் தடவையாவது அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாள். இறங்கிப் பார்த்தால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒரு கடிகாரக் கோபுரம், இரண்டு தெரு, சூடான டீ. சுற்றி வந்தபோது சின்னத் தியேட்டர் ஒன்றில் பெரிய புத்தகத்தின் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கே காரணம் தெரியவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படி இன்னமும் பெரிசாகத்தான் இருந்தது. மூத்தவள் துள்ளினபோது இப்போதும் எரிச்சல் வந்தது. மாமன் இல்லாத குறையும் போகவில்லை. மொட்டை மாடி வந்தபோது அவள் தலையைக் குனியவில்லை.

அப்போதுதான் தெரிந்தது. அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது மூத்தவளின் முகத்தைப் படத்தில் காட்டவே இல்லை. ஈரத்துணிக்குப் பின்னால் அவள் நிழல் மட்டும். காட்டினது கேட்டுக்கொண்டிருந்த தங்கையை. எழுநூறு பக்கத்தில் எங்கேயும் அந்தக் கணத்தில் தங்கை எப்படி இருந்தாள் என்று ஒரு வரி கிடையாது. மைக்கம்மாவும் இத்தனை வருஷத்தில் நினைத்துப் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வீடு திரும்பியபோது ஆறு மணி தாண்டவில்லை. அண்ணனும் தங்கையும் எதற்காகவோ சண்டை போட்டு ஓய்ந்திருந்தார்கள்.

"ஊர் எப்படி?" என்றார்.

"ஒண்ணுமில்ல. படத்தை இன்னொரு தடவை பாத்தேன்."

"அங்க போயும் அதுவா!"

"அந்த இடத்துல மூத்தவ முகத்தையே காட்டலைங்க. அன்னிக்கு நான் பாக்கலை. தங்கச்சியைத்தான் காட்டறாங்க, அவ கேக்கறதை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிக் கேக்கறா?"

ஊருக்கெல்லாம் தடுக்காமல் சொல்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு முகத்தைச் சொல்ல வரவில்லை. கண்ணைச் சொல்லிப் பார்த்தாள், அது சரியாக இல்லை. கையில் பிடித்திருந்த துணியைச் சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் நடுவில் புகுந்து, அவள் உதட்டைக் கடித்தாள் என்றாள். இல்லை, கடிக்கவில்லை, கடிக்கப் போய் விட்டுவிட்டாள் என்று மைக்கம்மா திருத்தினாள். அவர் அவசரப்படுத்தவில்லை. மைக்கம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.